செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்கு ஷிராஸா, கேபர்நேயா?

கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடு ஒன்றை விடுதியாக்கி நடத்துகிறார்கள். அதில் சாப்பாட்டுக்கூடம் என் பொறுப்பு. அதற்கு முன்பு பயணிகள் கப்பலில் ஒயின் பரிமாறிக்கொண்டிருந்தேன். மார்கழி பிறந்துவிட்டால் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சொந்த ஊர் பார்க்க வருபவர்கள், சென்னையிலிருந்து பழைய வீடுகளைப் பார்க்க வருபவர்கள், வெள்ளைக்காரர்கள் என்று கூடம் நிறைந்துவிடும். அவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "ரெட் ஒயின்ல ஷிராஸ் எடுத்துக்கலாமா, கேபர்நே எடுத்துக்கலாமாண்ணே?" நானும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன்: "ராத்திரிக்கு என்ன சொல்லியிருக்கீங்க?"

ஒயின் பற்றிச் சொல்கிறவர்கள் பலரும் 'ஆட்டுக்கறிக்குக் கேபர்நே' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவர்கள் மனதில் இருப்பது உப்பும் ரோஸ்மேரியும் தடவிச் சுட்ட தொடைக்கறி. நம் ஆட்டுக்கறியில் வரமிளகாய் இருக்கிறது, சோம்பு இருக்கிறது, கல்பாசியும் அன்னாசிப்பூவும் மராட்டி மொக்கும் இருக்கின்றன. அந்த ஒரு வரி இங்கே செல்லாது. ஆடா கோழியா என்று பார்ப்பதை விடுங்கள். மிளகாய் எவ்வளவு, மிளகு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில்தான் இருக்கிறது. சாதாரணக் கடையில் ஒயின் வகை குறைவாக இருக்கும், பெரிய ஊர்களின் எலைட் கடைகளில் பார்ப்பது நல்லது. பொங்கலுக்கு வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மாட்டுப் பொங்கலன்று திருவள்ளுவர் தினம், கடை கிடையாது. பத்து நாளில் குடியரசு தினம் வந்துவிடும், அன்றைக்கும் கிடையாது. விருந்து அந்த நாட்களில் என்றால் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

இரண்டு திராட்சையும் எங்கிருந்து வந்தவை

கேபர்நே சொவின்யோன் பிரான்சின் போர்தோ பகுதித் திராட்சை. இன்று உலகில் மிக அதிகமாகப் பயிராகும் ஒயின் திராட்சைகளில் ஒன்று. கேபர்நே ஃபிராங்க் என்ற சிவப்புத் திராட்சையும் சொவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையும் எப்போதோ தோட்டத்தில் தானாகக் கலந்து பிறந்தது இது என்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 1990களில் டிஎன்ஏ சோதனை செய்து கண்டுபிடித்தார்கள். பழம் சிறியது, தோல் தடிமன், கொட்டை பெரிது. இந்த மூன்றையும் மனதில் வையுங்கள். சிவப்புத் திராட்சையானாலும் பெரும்பாலும் உள்ளே சாறுக்கு நிறமில்லை. நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் இறங்குபவை. அதனால்தான் ரெட் ஒயினைத் தோலோடு சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். பழம் சிறுத்து, தோல் தடித்திருந்தால் சாறுக்குத் தோலின் பங்கு கூடும், ஒயினில் துவர்ப்பும் கூடும். கேபர்நே அப்படிப்பட்டது.

அதன் வாசனையில் முன்னால் நிற்பது பிளாக்கரன்ட். ஐஸ்கிரீம் கடையில் அந்தப் பெயரில் சாப்பிட்டவர்களுக்குப் பிடிபடும். மரப்பீப்பாயில் இருந்து வந்ததென்றால் பென்சில் சீவிய வாசனையும் இருக்கும். பழம் சரியாகப் பழுக்காமல் பறித்திருந்தால் பச்சைக் குடைமிளகாய் வாசனை மூக்கில் ஏறும். மெத்தாக்சிபைரசீன் என்ற பொருள் செய்கிற வேலை அது. குடைமிளகாயிலும் இருப்பது அதே பொருள்தான். வெயில் பட்டுப் பழம் பழுக்கப் பழுக்க அது குறைந்துவிடும்.

ஷிராஸும் பிரான்ஸ்தான், ரோன் ஆற்றுப் பக்கம். ஈரானில் ஷிராஸ் என்று ஊர் இருப்பதால் அங்கிருந்து வந்தது என்று கதை கட்டிவிட்டார்கள், கப்பலில் நானே அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். 1998ல் டிஎன்ஏ பார்த்தபோது டுரேசா, மோந்தூஸ் பிளாஞ்ச் என்ற இரண்டு தென்கிழக்கு பிரெஞ்சுத் திராட்சைகளின் பிள்ளை என்று தெரிந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் 'சிரா' என்பார்கள். 1832ல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கொடிக்குச்சிகளில் இதுவும் உண்டு. அங்கே அது ஷிராஸ் ஆகி, நம் நாட்டிலும் பெரும்பாலும் அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. லேபிளில் 'சிரா' என்று போட்டிருந்தால் கொஞ்சம் மெலிந்த, மிளகு வாசனை தூக்கலான பிரெஞ்சுப் பாணியைச் சொல்ல வருகிறார்கள் என்றும், 'ஷிராஸ்' என்றால் நன்றாகப் பழுத்த, ஜாம் மாதிரி கனிந்த ஆஸ்திரேலியப் பாணி என்றும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாரும் அந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பதில்லை, ஆனாலும் ஒரு துப்பு.

ஷிராஸின் பழவாசனை நாவற்பழம், கறுத்துப் பழுத்த பிளம்ஸ் பக்கம் போகும். துவர்ப்பு இல்லாத ஒயின் என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது. ஆனால் ஈறைப் பிடித்து இழுக்காது, நாக்கில் உருண்டு போகும்.

மிளகு எப்படி ஒயினுக்குள் வந்தது

எங்கள் சமையற்கட்டில் எல்லாருக்கும் மூத்தவர் ஒரு ஆச்சி. ஒயின் ஒரு சொட்டு வாயில் வைத்தவர் இல்லை, வைக்கப்போவதும் இல்லை. ஆனால் மசாலா வறுக்கும்போது கல்பாசி கருகுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். புதிதாக ஒரு ஒயின் வந்தால் இரண்டு கிளாசில் கொஞ்சம் ஊற்றி அவரிடம் நீட்டுவேன். எது எது என்று சொல்ல மாட்டேன். "இதுல மொளகு வாசம் அடிக்குது தம்பி. அதுல ஒண்ணுமில்ல, பச்ச வாடை" என்பார். மிளகு என்று அவர் சொன்னது ஷிராஸ்.

அது கற்பனை வாசனை இல்லை. அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008ல் அந்த மிளகு வாசனைக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். பெயர் ரோட்டண்டோன். நம் அஞ்சறைப்பெட்டி மிளகில் மிளகு மணப்பதற்குக் காரணமும் அதே ரோட்டண்டோன்தான். ரெட் ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். அவ்வளவு வீரியம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆராய்ச்சியில் முகர்ந்து பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அளவை எவ்வளவோ கூட்டிக் கொடுத்தும், ரோட்டண்டோன் வாசனையே தெரியவில்லை. ஒரே மேசையில் கணவன் "மிளகு மிளகுன்னு மணக்குது" என்பதும் மனைவி "சும்மா சொல்றீங்க" என்பதும் இதனால்தான். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். உங்களுக்கு ஷிராஸில் மிளகே தெரியவில்லை என்றால் உங்களுக்கு ஒயின் தெரியாது என்று யாராவது சொல்ல விடாதீர்கள்.

இன்னொன்று. குளிர்ச்சியான இடத்தில் மெதுவாகப் பழுத்த ஷிராஸில் ரோட்டண்டோன் அதிகம், வெயில் பூமியில் குறைவு. நாசிக், சோலாப்பூர் பக்கத்து ஷிராஸ்களில் பழம் முன்னால் நிற்கும், மிளகு பின்னால் லேசாக எட்டிப்பார்க்கும். மிளகுதான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் பிரான்சின் வடக்கு ரோன் பகுதி சிராவையோ, ஆஸ்திரேலியாவின் குளிர்ப் பகுதி ஷிராஸையோ சொல்வேன், விலை கூடும் என்ற எச்சரிக்கையோடு.

துவர்ப்பை முதலில் பழகிக்கொள்ளுங்கள்

இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுப்பதற்கு முன் உங்கள் நாக்கு துவர்ப்பை எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒயின் தேவையில்லை. டீத்தூளைத் தூக்கலாகப் போட்டு, பால், சர்க்கரை இல்லாமல் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறியபின் ஒரு வாய் குடியுங்கள். ஈறும் உள்கன்னமும் வறண்டு பிடிக்கிறதே, அதுதான் டானின். எச்சிலில் வழவழப்புக்குக் காரணமான புரதங்களை அது பிடித்துக்கொள்கிறது, வாய் வறண்டுபோகிறது. இப்போது அதே டீயில் கொஞ்சம் பால் விட்டுக் குடியுங்கள். டானின் உங்கள் எச்சிலை விட்டுவிட்டுப் பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், துவர்ப்பு அடங்கிவிடும்.

கறியோடு கேபர்நே ஒத்துப்போவதன் ரகசியம் இதுதான். கறியின் புரதமும் கொழுப்பும் டானினுக்கு வேலை கொடுத்துவிடுகின்றன. முதல் டீ உங்களுக்குச் சகிக்கவில்லை என்றால் கேபர்நேயை வெறுமனே குடிக்காதீர்கள், சாப்பாட்டோடுதான் தொட வேண்டும். பரவாயில்லை, பிடித்திருக்கிறது என்றால் கேபர்நே உங்களுக்கு ஒத்துவரும்.

மிளகாய் செய்கிற கலகம்

மிளகாயின் காரம் சுவை இல்லை, எரிச்சல். சூட்டை உணரும் ஒரு ஏற்பி நம் வாய் நரம்புகளில் இருக்கிறது, டிஆர்பிவி1 என்று பெயர். மிளகாயின் கேப்சைசின் அதைத்தான் தட்டி எழுப்புகிறது. இதைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியசுக்கு 2021ல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சாதாரணமாக 42 டிகிரி சூட்டுக்கு மேல் விழிக்கும் அந்த ஏற்பி, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்ளும். நம் வாயின் சூடே அதற்கு மேல்தான். ஆக, காரமான குழம்போடு வீரியமான ஒயினைச் சேர்த்தால் எரிகிற வாயில் மேலும் தீ வைத்த கதை. துவர்ப்பு வேறு வாயை வறட்டி அந்த எரிச்சலை நீட்டிக்கும்.

இதிலிருந்து வரும் விதி எளிது. காரம் ஏற ஏற, ஆல்கஹாலும் துவர்ப்பும் இறங்க வேண்டும், பழச்சுவை ஏற வேண்டும். லேபிளில் ஆல்கஹால் சதவீதம் போட்டிருப்பார்கள். 13 அல்லது 13.5 இருந்தால் நம் சாப்பாட்டுக்கு நல்லது. 14.5க்கு மேல் போனால் அது எந்தத் திராட்சையாக இருந்தாலும் காரமான நாளில் மேசைக்கு வேண்டாம். மிளகின் பைப்பரினும் அதே ஏற்பியைத்தான் தொடும், ஆனால் மிளகாய் அளவுக்கு உறைக்காது. மிளகுக் கறிகளுக்கு ரெட் ஒயின் ஒத்துப்போவதும் மிளகாய்க் கறிகளுக்கு முரண்டு பிடிப்பதும் இதனால்தான்.

எதற்கு எது

மிளகுக்கோழி, மிளகு போட்ட காடை வறுவல்: யோசிக்காமல் ஷிராஸ். மிளகும் மிளகும் சேர்கிற பொருத்தம். கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் கேபர்நேயின் துவர்ப்புக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் உங்கள் ஈறைத்தான் பிடிக்கும். எங்கள் கூடத்தில் அதிகம் போகும் ஜோடி இதுதான். நான் பரிந்துரைக்கும் ஜோடிகளில் ஒருவரும் குறை சொல்லாததும் இதுதான்.

உப்புக்கறி கொஞ்சம் சிக்கலானது. சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு, நல்லெண்ணெய், இவ்வளவுதான் சேர்மானம். ஆனால் வீட்டுக்கு வீடு கை மாறும். மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டுப் போட்டால் மணமும் நிறமும் வரும், எரிச்சல் அதிகம் வராது. எங்கள் ஆச்சி அப்படித்தான் செய்வார். அந்த உப்புக்கறிக்கு, அதுவும் கொழுப்போடு கூடிய தொடைக்கறியில் செய்ததென்றால், கேபர்நே பிரமாதமாக இருக்கும். உப்பு துவர்ப்பையும் கசப்பையும் தணிக்கும், கொழுப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். விதையோடு போட்டு வதக்கும் வீடு என்றால் ஷிராஸுக்கு மாறிவிடுங்கள். பாட்டில் வாங்கப் போகும் முன் சமையற்கட்டில் போய் "மிளகாய விதையோட போடுறீங்களா, உதறிட்டா?" என்று கேட்டுவிட்டுப் போவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நான் தினமும் கேட்கிறேன்.

தேங்காயும் முந்திரியும் கசகசாவும் அரைத்துவிட்ட ஆட்டுக்கறிக் குருமாவுக்கும் கேபர்நே பொருந்தும். தேங்காய்ப் பாலும் கொழுப்பும் நிறைந்த குழம்பு வாயில் ஒரு படலம் போட்டுவிடும், அடுத்த வாய்க்கு ருசி மழுங்கும். கேபர்நேயின் துவர்ப்பு அந்தப் படலத்தைத் துடைத்துவிடுகிறது. ஷிராஸ் இங்கே கொஞ்சம் கனமாகிவிடும், இரண்டும் கொழகொழவென்று போட்டி போடும்.

அரைத்த மசாலாக் கோழிக் குழம்பு, அதாவது எல்லாரும் 'செட்டிநாடு சிக்கன்' என்று கேட்கும் அந்தக் குழம்புக்கு ஷிராஸ். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ வாசனைக்கு நாவற்பழ வாசனை நன்றாக இழையும். பீப்பாய் வாசனை லேசாக இருந்தாலும் கேடில்லை. நெருப்பில் வாட்டிய ஓக் பீப்பாயிலிருந்து ஒயினில் யூஜினால் இறங்கும், கிராம்பின் வாசனையும் யூஜினால்தான். ஆனால் பீப்பாய் தூக்கலாக இருந்தால் எல்லாமே கிராம்பாகிவிடும், கல்பாசியின் மண்வாசனை செத்துவிடும். கல்பாசியைக் கொல்லும் ஒயின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மீன், நண்டு, சுறாப்புட்டு: இரண்டும் வேண்டாம். தொண்டிப் பக்கமிருந்து காலையில் வந்த மீன்தானே, அவ்வளவு புதுசாயிற்றே என்று நினைத்தாலும் பயனில்லை. ரெட் ஒயினில் இருக்கும் இரும்புச்சத்துதான் கடல் உணவோடு சேரும்போது கவிச்சி வாடையைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009ல் காட்டிவிட்டார்கள். புளிக்குழம்பு, மண்டி, கோசமல்லி என்று புளி முன்னால் நிற்கும் எதற்கும் இரண்டுமே தட்டையாகிவிடும். கந்தரப்பம், பால் பணியாரத்தோடு குடித்தால் ஒயின் கசக்கும், புளிக்கும். இனிப்புக்கு முன்னால் கிளாசை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் விட்டுப்போக வேண்டியதில்லை. காளான் மிளகு வறுவலும், சேனைக்கிழங்கை மொறுமொறுப்பாக மிளகோடு வறுத்ததும் ஷிராஸுக்கு நல்ல துணை. கேபர்நேக்கு நம் சைவத்தில் சரியான ஜோடி அமைவது கஷ்டம், புரதமும் கொழுப்பும் போதாது. பனீரில் நெய் விட்டு ஏதாவது செய்தால் ஓரளவு நிற்கும்.

மேசையில் நாலைந்து அயிட்டம், எல்லாம் வேறு வேறு காரம், பாட்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? ஷிராஸ் வாங்குங்கள். அது எதற்கும் உச்சமான பொருத்தமாக அமையாமல் போகலாம், எதையும் கெடுக்காது. கேபர்நே பொருந்தினால் அபாரம், பொருந்தாவிட்டால் சண்டை. இரண்டையும் கலந்த ஒயின்களும் உண்டு. நந்தி மலையடிவாரத்தில் 1988ல் தொடங்கிய குரோவர் தோட்டத்தின் 'லா ரிசர்வ்' கேபர்நேயும் ஷிராஸும் கலந்தது. ஒரு பாதி மேசை உப்புக்கறியும் மறு பாதி கோழியும் கேட்கும் நாளில் இப்படிப்பட்ட கலவை கைகொடுக்கும்.

லேபிளில் பார்க்க வேண்டியது

ஆல்கஹால் சதவீதம் முதலில், அதைச் சொல்லிவிட்டேன். அடுத்து வருடம். ஐரோப்பாவில் அறுவடை செப்டம்பர், அக்டோபரில். நம் நாட்டில் கொடி குளிரில் உறங்காது, அதனால் நாசிக் பக்கம் வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்து ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பறிக்கிறார்கள். ஆகவே ஒரே வருடம் போட்ட இந்திய பாட்டில், பிரெஞ்சு பாட்டிலைவிட அரை வருடம் மூத்தது. சாதாரண விலை இந்திய ஷிராஸ் என்றால் புது வருடமாகப் பார்த்து எடுங்கள், பழம் ருசி புதிதாக இருக்கும். கேபர்நே இரண்டு மூன்று வருடம் பழசாக இருந்தாலும் நல்லதே, துவர்ப்பு சற்று அடங்கியிருக்கும். ஆனால் கடைக்காரர் வெயில் படும் அலமாரியில் நிறுத்தி வைத்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. தூசி படிந்த பாட்டில் பழைய ஒயின், ஆகவே நல்ல ஒயின் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் வெப்பத்தில் அது வெந்துபோன ஒயினாகத்தான் இருக்கும்.

'ரிசர்வ்' என்ற சொல்லுக்கு இந்திய லேபிளில் ஒரே பொருள் கிடையாது. பெரும்பாலும் பீப்பாயில் சில காலம் வைத்திருந்தார்கள் என்பதற்கான அடையாளமாகப் போடுகிறார்கள். பின்பக்க லேபிளில் ஓக் பற்றி இரண்டு வரி இருக்கும், படியுங்கள். காரச் சாப்பாட்டுக்கு ஓக் குறைந்தது, உப்புக்கறி, குருமாவுக்கு ஓக் சேர்ந்தது.

கம்பம் பன்னீர் திராட்சையை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று தேனிக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டார். அது மஸ்கட் ஹாம்பர்க் வகை, 2023ல் புவிசார் குறியீடு வாங்கியது, வாசனைக்குத் தனிப் பெருமை உண்டு. ஆனால் துவர்ப்பு குறைந்த, மெல்லிய, இனிப்புப் பக்கம் சாயும் ஒயின்தான் அதில் வரும். இந்தப் போட்டியில் அது கலந்துகொள்ளவில்லை.

சூடும் கிளாசும்

இதைப் பாதிப் பேர் தவறவிடுகிறார்கள். 'ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்' என்று எழுதியவரின் அறை 18 டிகிரி. காரைக்குடியில் சித்திரை மாதத்து அறை எத்தனை டிகிரி என்று நான் சொல்ல வேண்டாம். சூடான ஒயினில் ஆல்கஹால் முன்னால் வந்து மூக்கைக் குத்தும், காரத்தோடு சேர்ந்தால் தாங்காது. ஷிராஸுக்கு 15, 16 டிகிரி, கேபர்நேக்கு 17, 18. கேபர்நேயை ரொம்பவும் குளிர்வித்தால் துவர்ப்பு கடினமாகும், அதனால்தான் இரண்டு டிகிரி வித்தியாசம்.

'அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வை' என்பதும் குளிர் நாட்டுக் கணக்குதான். 32 டிகிரி அறையிலிருந்து எடுத்த பாட்டிலுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரம் என்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டுக் கழுத்து வரை முக்கி வையுங்கள், கால் மணி நேரம் போதும். தண்ணீர் இல்லாமல் வெறும் ஐஸில் வைத்தால் நேரமாகும். கிளாசுக்குள் ஐஸ் போடாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் வெயில் காலத்தில் மலிவான ஷிராஸில் ஒரு துண்டு போட்டுக் குடிக்கும் விருந்தாளியை நான் தடுப்பதில்லை.

வீட்டில் வைத்திருக்க வேண்டுமென்றால் நம் பழைய வீடுகளின் உள்ளறைகள் வசதியானவை, தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் சூட்டை உள்ளே விடுவதில்லை. வளவை ஒட்டி வெயில் விழும் பக்கம் வேண்டாம், சமையற்கட்டும் வேண்டாம், ஃப்ரிட்ஜின் தலைமேல் கண்டிப்பாக வேண்டாம். கார்க் போட்ட பாட்டிலைப் படுக்க வையுங்கள், திருகு மூடி என்றால் எப்படி வைத்தாலும் சரி.

கேபர்நேயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்து, வாய் அகலமான கண்ணாடி ஜாடியில் ஊற்றி வையுங்கள், காற்று பட்டு இளகும். பாட்டிலைத் திறந்து அப்படியே வைத்தால் கழுத்தளவுக் காற்று மட்டும்தான் படும், பிரயோஜனமில்லை. வீட்டின் பாரம்பரியம் தெரியட்டும் என்று ஒருவர் பித்தளைக் கூஜாவைத் தேய்த்துக் கொண்டுவந்தார். கூடாது, ஒயினின் அமிலம் பித்தளையைத் தின்றுவிடும். அதேபோல காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வெட்டு வேலை செய்த கனமான கண்ணாடிக் கிளாசுகள் கிடைக்கும். அழகுதான், அலமாரியில் வையுங்கள். ஒயினுக்கு விளிம்பு மெல்லிதாக, வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

ஒரு முறை அருகருகே வைத்துப் பாருங்கள்

என் நாக்கை நம்பி வாங்குவதைவிட இது மேல். 375 மில்லி அரை பாட்டில் கிடைத்தால் ஷிராஸ் ஒன்று, கேபர்நே ஒன்று, ஏறக்குறைய ஒரே விலையில், முடிந்தால் ஒரே தயாரிப்பாளருடையது. மேசையில் நான்கு கிண்ணம்: மிளகுக்கோழி, கொழுப்புள்ள உப்புக்கறி, உப்பும் நெய்யும் மட்டும் போட்ட சோறு, கொஞ்சம் காரமான கோழிக் குழம்பு. முதலில் இரண்டு ஒயினையும் வெறும் வாயில் ஒரு மிடறு, பிறகு சோற்றோடு, அப்புறம் உப்புக்கறி, மிளகுக்கோழி, கடைசியில் குழம்பு. காரத்தை முதலில் தொட்டுவிட்டால் அப்புறம் நாக்கு எதையும் சொல்லாது. நடுநடுவே தண்ணீர் வேண்டாம், நெய்ச்சோறு போதும். தண்ணீர் கேப்சைசினைக் கரைக்காது, கொழுப்புதான் கரைக்கும்.

நான்கு பேர் சேர்ந்து செய்தால் நல்லது. எந்தக் கிளாசில் எது என்று ஊற்றுகிறவருக்கு மட்டும் தெரியட்டும். கேபர்நேதான் உசத்தி என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் மிளகுக்கோழியோடு ஷிராஸைக் கை காட்டுவதை எங்கள் கூடத்தில் பலமுறை பார்த்தாயிற்று. மாறாகவும் நடக்கும். உப்புக்கறி கிண்ணம் மட்டும் காலியாகி, கேபர்நே பாட்டிலும் கூடவே காலியாகும்.

மீந்துபோனால் மூடியை இறுக்கி, நிறுத்தியபடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஷிராஸை அடுத்த நாளே முடித்துவிடுங்கள். கேபர்நே மூன்றாம் நாள் வரை தாங்கும், சில சமயம் இரண்டாம் நாள்தான் முதல் நாளைவிட இணக்கமாக இருக்கும். எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். அதற்குள் மிச்ச உப்புக்கறியைச் சுட வைத்துவிடலாம்.